அலனின் பணமும் மக்டொனால்டின் தேர்தலும்

கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் பத்து டொலர் தாளில் பார்த்துப் பழகிய முகம் அது. 2018இல் அந்த இடத்துக்கு வயோலா டெஸ்மண்ட் வந்தார். ரொறன்ரோ குயின்ஸ் பார்க்கில் நிற்கும் அவருடைய சிலையும் 2020 முதல் சில ஆண்டுகள் பலகைகளால் மூடிக் கிடந்தது. கனடாவின் முதல் பிரதமர் சேர் ஜோன் ஏ. மக்டொனால்டைத்தான் சொல்கிறோம். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்த வதிவிடப் பள்ளிகளுக்காகவே இன்று அவர் பெயர் அதிகம் அடிபடுகிறது. நம் பிள்ளைகளும் அதைப் பள்ளியில் படிக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் இன்னொரு கதையும் இருக்கிறது. வாக்குரிமை கிடைத்து, வேட்பாளர்களின் விருந்துகளுக்கும் அழைக்கப்படுகிற நம்மைப் போன்றவர்கள் அதைத் தெரிந்திருப்பது நல்லது.

அவரும் வந்தேறியவர்தான். 1815இல் கிளாஸ்கோவில் பிறந்தார். தகப்பனின் வியாபாரம் நொடித்துப்போக, 1820இல் குடும்பம் கப்பலேறி ஒன்ராறியோவின் கிங்ஸ்ரனுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது ஐந்து. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஒரு சட்டத்தரணியிடம் தொழில் பழகப் போனார். பேச்சு வல்லமையும் ஆட்களைச் சேர்த்துப் பிடிக்கும் சாமர்த்தியமும் அவரை அரசியலில் உயர்த்தின. குடிப்பழக்கமும் கூடவே வந்தது. 1867இல் மாகாணங்கள் ஒன்றிணைந்து கனடா பிறந்தபோது அவரே பிரதமர்.

1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் வேலை தொடங்கி, பத்து ஆண்டுகளில் பசிபிக் கரைக்கு ரயில் பாதை வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பாதையைக் கட்டும் ஒப்பந்தம் யாருக்கு என்பதுதான் கேள்வி. மொன்றியலின் கப்பல் முதலாளி சேர் ஹியூ அலன் அதற்குக் குறிவைத்தார். நாட்டின் மிகப் பெரிய பணக்காரர் என்று பேசப்பட்ட அவருக்குப் பின்னால் அமெரிக்க முதலீட்டாளர்களும் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டே தேர்தல். அந்தக் காலத் தேர்தலை நாம் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரகசிய வாக்கு இல்லை. வாக்காளர் எல்லோருக்கும் முன்னால் நின்று, தன் வாக்கு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாக்களிப்பும் ஒரே நாளில் முடியாது. தொகுதிக்குத் தொகுதி வாரக்கணக்கில் இழுபடும். காசு கொடுப்பவருக்குத் தன் காசு வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஏற்பாடு அது. சாராயத்துக்கும் வண்டிக்கூலிக்கும் கைச்செலவுக்கும் கட்சிகள் கொட்டிக் கொடுத்தன. மக்டொனால்டின் கட்சியில் பணம் வற்றியது. அவருடைய கியூபெக் கூட்டாளி ஜோர்ஜ் எட்டியன் கார்ட்டியே நோயாளி. மொன்றியலில் தோற்கும் நிலை. இருவரும் அலனிடம் போனார்கள்.

அலன் கொடுத்தது ஏறத்தாழ மூன்றரை இலட்சம் டொலர். அதில் 45,000 டொலரை மக்டொனால்ட் ஒன்ராறியோத் தேர்தல்களுக்கு வாங்கினார். கடைசிக் கட்டத்தில் அலனின் சட்டத்தரணி ஜோன் அபட்டுக்கு அவசரத் தந்தி அடித்து, இன்னும் பத்தாயிரம் கேட்டார். கட்சி மயிரிழையில் வென்றது. ரயில் ஒப்பந்தமும் அலன் தலைமையிலான நிறுவனத்துக்குப் போனது.

1873 ஏப்ரலில் லிபரல் உறுப்பினர் ஹண்டிங்டன் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டை வைத்தார். முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அபட்டின் அலுவலக எழுதுவினைஞர் ஒருவர் தந்திகளையும் கடிதங்களையும் பிரதி எடுத்து லிபரல்களிடம் சேர்த்திருந்தார். யூலையில் அவை பத்திரிகைகளில் வந்தன. ஆணைக்குழு அமைந்தது. நவம்பரில் மக்டொனால்ட் சபையில் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் பேசித் தன் தரப்பை நியாயப்படுத்தினார். தன் ஆள் என்று அவர் நம்பியிருந்த டொனால்ட் ஸ்மித் எழுந்து, மனச்சாட்சிப்படி ஆதரிக்க முடியாது என்று கைவிட்டார். நவம்பர் 5ஆம் திகதி அரசாங்கம் பதவி விலகியது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். மக்டொனால்ட் அந்தப் பணத்தில் தனக்கென்று வீடு வாசல் வாங்கவில்லை. எல்லாம் கட்சிக்கே போனது. அவருடைய வாதமும் அதுதான்: தனக்கு எடுக்கவில்லை, ஒப்பந்தத்தை விற்கவுமில்லை. நம் பார்வையில் அந்த வாதம் அவரைக் காப்பாற்றாது. சொந்தப் பைக்கு வாங்கியவன் தான் மட்டும் கடன்பட்டவன். கட்சிக்கு வாங்கியவர் ஒரு அரசாங்கத்தையே கடனாளியாக்கிவிடுகிறார்.

1874 தேர்தலில் மக்கள் லிபரல்களைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் இரகசிய வாக்கும் ஒரே நாள் வாக்களிப்பும் சட்டமாயின. இன்று நாம் திரைக்குப் பின்னால் நின்று புள்ளடி போடுவதற்கு அந்த ஊழலும் ஒரு காரணம். நிறுவனங்கள் கூட்டாட்சிக் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2007இல்தான். இடையில் நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல்!

மக்டொனால்ட் 1878இல் திரும்ப வென்றார். ரயில் பாதையை இம்முறை வேறு ஒரு கூட்டணியிடம் கொடுத்தார்: 25 மில்லியன் டொலர், 25 மில்லியன் ஏக்கர் நிலம், இருபது ஆண்டு ஏகபோகம். நிலம் யாருடையது என்று அங்கே வாழ்ந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. மலைப் பகுதியில் பாறை உடைத்தவர்களில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் இருந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே புதிதாக வரும் சீனருக்கு ஐம்பது டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை என்றது. நவம்பர் 7ஆம் திகதி கிரெய்கலாக்கியில் கடைசி ஆணியை அறைந்தவர், முன்பு மனச்சாட்சி பேசிய அதே டொனால்ட் ஸ்மித். அவர் இப்போது அந்தக் கூட்டணியின் பங்காளி.

1891 மார்ச்சில் மக்டொனால்ட் தன் கடைசித் தேர்தலில் நின்றார். ரயில் கம்பனி வெளிப்படையாகவே அவர் பக்கம் நின்றது. வென்றார், யூன் 6ஆம் திகதி ஒட்டாவாவில் காலமானார். உடல் ரயிலில் கிங்ஸ்ரனுக்குப் போனது. பத்து நாளில் புதிய பிரதமர் பதவியேற்றார். அவர் ஜோன் அபட். பத்தாயிரம் கேட்டு மக்டொனால்ட் தந்தி அடித்தாரே, அதே சட்டத்தரணி.