மின்சாரக் கூண்டுக்குள் கொல்லர் மகன்

லண்டன் அருகே 1791-ல் கொல்லர் மகனாகப் பிறந்தார் மைக்கேல் பாரடே. வறுமையால் படிப்பு நின்றது. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் சேர்ந்தார். அங்கு வந்த நூல்களிலேயே மின்சாரம் பற்றிப் படித்தார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார்.

1836-ல் 12 அடிக் கூண்டு செய்து, கம்பியும் உலோகத் தகடும் சுற்றி, கருவிகளுடன் தாமே உள்ளே புகுந்தார். வெளியே பொறி பறக்க மின்னேற்றினார்கள். உள்ளே கருவி எதுவும் அசையவில்லை! கூண்டு முழுவதும் ஒரே மின்னழுத்தம். அழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் மின்புலம் இல்லை. இடி விழுந்தாலும், மாட்டுங்கா வழியே ஓடும் லோக்கல் ரயிலின் பெட்டிக்குள் இருப்போரைக் காப்பது இதுவே. வாசலில் தொங்குவோருக்கு அந்தக் காப்பு இல்லை.

உயர்கணிதம் அறியாத பாரடே வரைந்த விசைக்கோடுகளுக்கு மாக்ஸ்வெல் கணித உருவம் தந்தார். 1867-ல் பாரடே மறைந்தார். மின்தேக்குத் திறனின் அலகான 'பாரட்', அந்த பைண்டிங் தொழிலாளியின் பெயரை இன்றும் சொல்கிறது.