வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டின் கதை

நாள் முழுக்க லேப்டாப், பஸ்ஸில் மொபைல், ராத்திரி படுக்கையில் மறுபடி மொபைல். கழுத்து பிடித்துக்கொண்டால் ஒரு வலி மாத்திரை, கொஞ்சம் தைலம், மறுநாள் அதே நாற்காலி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சி நாலு நாள் நடக்கும், வலி குறைந்ததும் நின்றுவிடும். இந்த வலியே இல்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும் என்றுதான் தோன்றும்.

வலியே தெரியாத மனிதர்களுக்கு வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையில் பிறந்தவர் அவர்.

யார் இந்த பால் பிராண்ட்?

பிறந்தது 1914 ஜூலை 17. அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். சேந்தமங்கலம் பக்கம் சமவெளியில் வேலை செய்துகொண்டிருந்த ஜெஸ்ஸி, 1913-ல் கல்யாணம் ஆனதும் மனைவியோடு மலையேறிவிட்டார். இன்றைக்கு இருக்கிற 70 கொண்டை ஊசி வளைவு ரோடெல்லாம் அப்போது கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி. மலேரியாவுக்குப் பயந்து கீழே இருப்பவர்கள் தங்கத் தயங்கிய மலை அது.

9 வயதில் படிப்புக்காக பால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பிறகு அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். எவ்லின் 95 வயதில், 1974-ல் இறந்தார்.

பாலுக்கு டாக்டர் ஆகும் ஆசையே இல்லை. நோயாளிகளின் காலிலிருந்து அப்பா நரம்புச் சிலந்திப் புழுவை இழுத்தெடுப்பதை, சீழை, ரத்தத்தைச் சின்ன வயதில் பார்த்து வெறுத்துப்போயிருந்தார். அதனால் முதலில் கற்றது கட்டட வேலையும் தச்சு வேலையும். பிறகு மனசு மாறி லண்டனில் மருத்துவம் முடித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

ஆபரேஷன் பாதி, பயிற்சி மீதி

திருப்பம் செங்கல்பட்டில் நடந்தது. 1947-ல் அங்குள்ள தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தால், பிடி இரும்பாக இருந்தது. வலியில் கையை விடுவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியென்றால் முன்கையின் பல தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன. நரம்பு பாதித்து வேலை நின்றுபோனது உள்ளங்கையின் சின்னத் தசைகளில்தான்.

அங்கிருந்துதான் அவருடைய முறை வளர்ந்தது. நன்றாக இருக்கும் ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைப்பது. ஆனா தைத்தவுடன் கை வேலை செய்துவிடாது. வேறு வேலைக்குப் பழகிய தசை அது. புது வேலையை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற பிசியோதெரபி இல்லாவிட்டால் ஆபரேஷனே வீண். தொழுநோயாளியைத் தொடவே பலர் பயந்த காலத்தில், அவர்களின் விரலைப் பிடித்து நீவி மடக்கி நிமிர்த்தப் பிசியோதெரபிஸ்ட்டுகள் முன்வந்தார்கள்.

இதில் ஒரு சங்கடமும் வந்தது. குணமாகி ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கையோடு பிச்சைகூடக் கிடைக்கவில்லை என்றார்கள். வேலை கொடுக்கவும் ஆளில்லை. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கியபோது, பிராண்டின் பழைய தச்சு வேலை கைகொடுத்தது.

விரல்கள் எங்கே போயின?

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது நம்பிக்கை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் தவித்தபோது, ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. தூக்கத்தில் சிலரின் விரலை எலி கடித்ததும் தெரியவந்தது, பூனை வளர்க்க ஏற்பாடானது. விரல்களைத் தின்றது நோய் மட்டுமில்லை, வலி இல்லாததும்தான்.

ஒருமுறை லண்டனில், நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் அவருடைய குதிகாலே மரத்திருந்தது. ஊசியால் குத்தினார், உணர்வில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்றெண்ணி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது! அத்தனை சந்தோஷம் அவருக்கு. ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். கழுத்தில் நரம்பு அழுந்தினால் கை மரத்துப்போவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் மரப்பு நீடித்தாலோ, கையில் பலம் குறைந்தாலோ, விழுந்தபின் கழுத்து வலித்தாலோ வீடியோ பார்த்துப் பயிற்சி செய்யக் கூடாது. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உணர்விழந்த காலில் புண் வரும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அவர் வேலூர் அனுபவம் அங்கே உதவியது. அங்கேதான் செயற்கை வலி செய்து பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் சென்சார்; அழுத்தம் கூடினால் சத்தம் வரும். நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரியவைத்தும் பலனில்லை. கடைசியில், உணர்வு மிச்சமிருந்த அக்குளில் லேசான மின் அதிர்ச்சி. அதை மட்டும் அலட்சியப்படுத்த முடியவில்லை. ஆனா அவசர வேலை வந்தால் கருவியையே அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லும் மொபைல் நோட்டிபிகேஷனைத் தள்ளிவிடுகிற அதே விரல் வேகம்தான்.

பல ஆண்டு முயற்சியைப் பிராண்ட் கைவிட்டார். நிஜ வலிக்கு இருக்கிற ஒரே தகுதி அதற்கு இல்லை: அணைக்க முடியாமல் இருப்பது. பிறகு நண்பர் பிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார்.