தம் கொள்கையைத் தாமே வென்றவர்

நாம் கையை நீட்டும்போது நீட்டும் தசை இறுகுகிறது. மடக்கும் தசை தளர்கிறது. ஒன்றன் நரம்பணுக்களுக்குத் தூண்டும் செய்தியும் மற்றதன் நரம்பணுக்களுக்கு அடக்கும் செய்தியும் செல்வதே இதற்குக் காரணம். இச்செய்திகள் செல்லும் வகையை ஆராய்ந்தவர் ஜான் எக்கிள்ஸ்.

அவர் 1903-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ஷெரிங்டன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். நரம்பணுக்களிடையே செய்தி மின்னாற்றலாலேயே செல்கிறதெனக் கொண்டார். வேதிப்பொருளே தூது செல்கிறதென்ற ஹென்றி டேலுடன் பல்லாண்டு வாதிட்டார்.

1951-இல் நியூசிலாந்தின் டனீடன் நகரில், துணைவர் இருவருடன், நுண்ணிய கண்ணாடிக்குழலைப் பூனையின் தண்டுவட நரம்பணுவினுள் செலுத்தி ஆராய்ந்தார். அடக்கும் செய்தி வந்தபோது அணுவின் மின்னழுத்தம் அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக மாறிற்று. பல்லாண்டு போற்றிய கொள்கை ஒரே ஆய்வில் சரிந்தது. எக்கிள்ஸ் அதனை மறைத்தாரல்லர். தம் கொள்கை பிழையென உலகறியக் கூறி, வேதிப்பொருளின் தூதினை ஏற்றார்.

பின்னர் அவர் ஆய்வு மேலும் சிறந்தது. தூண்டும் பொருளும் அடக்கும் பொருளும் விளைக்கும் மாற்றங்களை நரம்பணு துலாக்கோல்போல் சீர்தூக்குகிறது. தூண்டுதல் ஓர் எல்லையைக் கடந்தாலன்றி அது செய்தி விடுப்பதில்லை. இவ்வுண்மையை விளக்கிய எக்கிள்ஸ் 1963-இல் நோபல் பரிசினை வேறிருவருடன் பகிர்ந்து பெற்றார்; 1997-இல் மறைந்தார். பிழையை ஒப்பியமையே அவர் வெற்றிக்கு வித்தாயிற்று.