எழுதத் தெரியாமலே கதை சொன்ன அம்மாள்: வை.மு. கோதைநாயகி

கதைப் புத்தகம் படிக்கிற பெண்பிள்ளை உருப்படாது என்ற பேச்சு நம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. பாடப்புத்தகத்துக்குள்ளே கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கும் மாணவிகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருக்கிறோம். காதல் கதை, மர்மக் கதை என்றால் இன்னும் மோசம். அம்மா பிடுங்கி அடுப்பில் வைத்துவிடுவார்! அப்படிப்பட்ட கதைகளையே எழுதி, நாட்டுக்காகச் சிறைக்கும் போய், தமிழ்ப் பெண்களைப் படிக்க வைத்த ஓர் அம்மாளின் வாழ்க்கையை இம்மலரில் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர்களும் மாணவமணிகளும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

பிறப்பும் பால்ய மணமும்

நம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் பயிரிட்டார் என்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1901 டிசம்பர் முதல் தேதி, காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூர்க் குடும்பத்தில் கோதைநாயகி பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். உறவினர்கள்தான் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் கல்யாணம்! மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. இன்று பாலர் பள்ளியில் உட்கார வேண்டிய வயதில் அந்தக் குழந்தை சென்னைத் திருவல்லிக்கேணிக்கு மருமகளாகப் போனது. பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை.

அந்த வீட்டில் அவருக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. மாமியார் அன்பானவர், மருமகளுக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போனார். பார்த்த நாடகங்கள் மனசிலே ஊறி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் சொந்தமாகவே கதை கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அதைத் தாளில் எழுத வராது. என்ன செய்தார்? பட்டம்மாள் என்ற தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்திரமோகனா’ என்ற நாடகம். 1924-இல் அது அச்சில் வந்து நல்ல பெயரும் வாங்கியது. அதே 1924-இல்தான் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழ் தோன்றியது. 2019-இல் நிற்கும் வரை எத்தனையோ தோட்டத்து வீடுகளுக்குச் செய்தியும் கதையும் கொண்டுவந்த ஏடு அது.

பிறகு அதே தோழியிடமே கோதைநாயகி எழுதக் கற்றுக்கொண்டார். கல்யாணம் ஆனபின் எழுத்துக் கற்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. முதியோர் வகுப்புக்கு வரத் தயங்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மர்மமும் காதலும்

அந்தக் காலத்தில் தமிழில் துப்பறியும் கதைகளுக்கு ஏகப்பட்ட மவுசு. வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் எழுதிக் குவித்தார்கள். ஆங்கிலேயர் ரெயினால்ட்ஸ் எழுதிய கதைகளைத் தழுவிப் பல நாவல்கள் வந்தன. ஒரே கதைக்கு இரண்டு தலைப்பு, நடுவிலே ‘அல்லது’ என்று போடுவார்கள். நம் நாட்டிலும் 1917-இல் க. வெங்கடரத்தினம் எழுதி வெளிவந்த நாவலுக்கு ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்றே பெயர்.

இந்த ஆண்கள் கூட்டத்துக்குள்ளே கோதைநாயகி நுழைந்தார். அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’. நின்று போயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற மாத இதழை 1925-இல் தாமே வாங்கி, ஆசிரியராக இருந்து அதிலே தொடர்கதை எழுதினார். முதலில் மர்மக் கதைப் பாணி. போகப்போகக் குடும்பக் கதை, காதல் கதை, சீர்திருத்தக் கதை என்று மாற்றிக்கொண்டார். விதவையின் துன்பம், வரதட்சணை, குடி, தீண்டாமை ஆகிய எல்லாம் கதைக்குள்ளே வந்தன. சர்க்கரை தடவிக் கொடுத்த மருந்து என்று அவற்றைச் சொல்லலாம். அவர் எழுதிய நாவல்கள் 115. இதழ் 35 ஆண்டுகள் நடந்தது.

சும்மா நடக்கவில்லை. வீட்டுப் பெண் பத்திரிகை நடத்துவதா என்று ஏசினார்கள், கேலி செய்தார்கள். கணவர் பார்த்தசாரதி உறுதியாகத் துணை நின்றார். வீட்டு ஆண்கள் ஒத்தாசை செய்தால் பெண்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி.

கடல் கடந்த ஒப்பீடு

இங்கிலாந்திலும் இப்படித்தான். 1811 முதல் 1820 வரை அங்கே மன்னருக்குப் பதில் இளவரசர் ஆட்சியை நடத்தினார். அந்தக் காலத்தில் ஜேன் ஆஸ்டின் என்ற அம்மையார் காதல் நாவல்கள் வெளியிட்டார். தம் பெயரைப் போடாமல், ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் போட்டுத்தான் முதல் நூல் வந்தது. கோதைநாயகியைவிடச் சில மாதங்களே இளையவரான ஜார்ஜெட் ஹேயர், 1902-இல் பிறந்தவர், அந்த இளவரசர் காலத்தையே களமாக வைத்துக் காதல் கதைகளும், தனியாகத் துப்பறியும் கதைகளும் எழுதினார். இன்றைக்கும் அந்தக் காலத்துக் கோச்சு வண்டி, நடன விருந்து, காணாமற்போன நகை, கிறிஸ்துமஸ் விடுமுறை என்று வைத்துச் சின்னச் சின்னக் கதைகள் அங்கே வந்துகொண்டே இருக்கின்றன. வேலை முடிந்து களைத்து வந்த பெண்கள் ஒரே மாலையில் படித்து முடிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். மறைந்திருக்கும் உண்மை தெரிய வேண்டும், நல்லவர்கள் சேர வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டு மனசுக்கும் ஒன்றுதான்.

சிறையிலும் எழுதிய கை

காந்தியடிகளைக் கண்டபின் கோதைநாயகி பட்டையும் நகையையும் விட்டுக் கதர் கட்டினார். இனிய குரல் உள்ளவர். மேடையில் பாடுவார், கதை கலந்து பேசுவார். கள்ளுக்கடை மறியலில் இறங்கி 1930-களின் தொடக்கத்தில் சிறைக்குப் போனார். சிறைக்குள்ளும் கதை எழுதினார். கள்ளுக்கடையால் கெட்ட குடும்பங்களை நம் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடையின் வாசலில் நின்று தடுத்தவர் ஒரு கதாசிரியை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவருடைய கதைகள் படமாகவும் வந்தன. ‘அநாதைப் பெண்’ 1938-இல் வந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா நடித்த ‘சித்தி’ (1966) படத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது இந்த அம்மாளின் ‘தயாநிதி’ நாவல்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க அவர் இல்லை. 1956-இல் ஒரே மகன் சீனிவாசனைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் அவரை உருக்கிவிட்டது. காசநோய் கண்டு, தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20-இல் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

அவர் கதைகளில் ஆழமில்லை, பொழுதுபோக்குத்தான் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். ஏணியில் முதல் படி தாழ்வாகத்தானே இருக்கும்? முதல் படியில் கால் வைக்காமல் யாரும் மேலே ஏறினதில்லை. கதை படிக்கிற பிள்ளைக்குச் சொல்வளம் வரும், கட்டுரை எழுத வரும், பிறர் துன்பம் புரியும். படித்தபின் என்ன புரிந்தது என்று கேளுங்கள். எழுத்து வாசனை இல்லாத பெற்றோரும் இதைச் செய்யலாம். வயதுக்கு ஒவ்வாத புத்தகமென்றால் வேறொன்று கொடுங்கள். அடுப்பில் மட்டும் போடாதீர்கள்.

இவ்விழாவில் பரிசாகப் பெறும் புத்தகம் அலமாரிக்குப் போய்விடக் கூடாது. தங்கா பத்து வட்டாரத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பிள்ளை அரைமணி நேரம் சத்தமாகக் கதை படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். எழுதத் தெரியாமல் கதை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கோதைநாயகி நம் வீட்டிலும் இருக்கலாம். அவர் சொல்வதை எழுதித் தர ஒரு பட்டம்மாள் வேண்டும். மாணவமணிகளே, அந்தப் பட்டம்மாளாக நீங்கள் இருங்கள்!