கறுத்த துணி சொன்ன செய்தி

மரபியல் வகுப்பில் ஆசிரியர் கேராட் என்னும் பெயரைச் சொன்னபோது, பின்வரிசை நண்பர்கள் காய்கறியை நினைத்துச் சிரித்தனர். நானும் சிரித்தவன்தான். அந்த வாரமே நூலகத்தில் அவரது வரலாற்றைப் படித்தபின் சிரிப்பு வரவில்லை. என் அக்காளுக்கும் மாமன் மகனுக்கும் மணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆர்ச்சிபால்ட் கேராட் 1857இல் லண்டன் மாநகரில் பிறந்தார். கவுட் என்னும் வாதநோயாளியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் கண்ட புகழ்பெற்ற மருத்துவரே அவர் தந்தை. மருத்துவர் வீட்டுப் பிள்ளை மருத்துவரானதில் வியப்பில்லை. (எழுத்தறியா வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருவது வேறு கதை!)

லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோது, ஒரு விந்தையான நிலை அவர் கருத்தைக் கவர்ந்தது. சிலருடைய சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துவிடும். அல்காப்டோனூரியா என்பது அதன் பெயர். குடலில் வாழும் கிருமிகளின் வேலை அது என்று அக்கால அறிஞர் பலர் கருதினர். கேராட்டுக்கு அதில் ஐயம். அவர் அறிந்த அத்தகைய குழந்தை ஒன்றின் தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். பிறக்கப்போகும் குழந்தையின் துணிகளை உற்றுக் கவனிக்கும்படி கேராட் ஏற்பாடு செய்தார். 1901இல் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாளில் துணி கறுத்தது! கண் திறந்து உலகைப் பார்க்குமுன்னரே வந்துவிட்ட குறையைக் கிருமிமேல் எப்படிச் சுமத்துவது?

அக்குழந்தையின் பெற்றோர் உடன்பிறந்தாரின் பிள்ளைகள். மற்றக் குடும்பங்களை விசாரித்தபோதும் இதே உறவு அடிக்கடி தென்பட்டது. மெண்டலின் பட்டாணி ஆய்வு மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்திருந்த காலம். பேட்சன் என்னும் உயிரியல் அறிஞர் முடிச்சை அவிழ்த்தார். தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால்தான் பிள்ளையிடம் வெளிப்படும். அப்போதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே. நாம் உண்ணும் புரதத்திலுள்ள டைரோசின் படிப்படியாகச் சிதையும் பாதையில், ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற படியில் இவர்களுக்கு வழி அடைபடுகிறது. அந்த அமிலமே கறுக்கிறது.

1902இல் கேராட் எழுதிய கட்டுரையில், இந்நோயையும் தாண்டி ஒரு பெரிய எண்ணம் இருந்தது. முகத்துக்கு முகம் வேறுபடுவதுபோல உடலின் வேதியியலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்வதும் மற்றவருக்கு ஒவ்வாததும் அதனால் இருக்கலாம் என்றார். 1909இல் நூலாகவும் வெளியிட்டார். மருத்துவ உலகம் மரியாதையோடு கேட்டுவிட்டு மறந்தது. முதல் உலகப் போரில் இரு மகன்களை இழந்தார். மூன்றாம் மகனையும் 1919இல் இன்ஃப்ளூயன்சா கொண்டுபோயிற்று. அதன் பின்னும் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி உழைத்து, 1936இல் மறைந்தார்.

அவர் எண்ணத்தின் பலனைப் பிற்காலம் கண்டது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நிலையில் பிறந்த குழந்தைக்கு ஃபீனைல் அலனின் குறைந்த தனி உணவைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் மூளை கெடாமல் காக்கலாம். ஊரார்க்கெல்லாம் நல்ல உணவு, அக்குழந்தைக்கு நஞ்சு! இன்று எச்சிலைக் கொடுத்து மரபணுவைப் படிக்கிறார்கள். கைக்கடிகாரமே நாடியை எண்ணுகிறது. ஆளுக்கேற்ற உணவு, ஆளுக்கேற்ற மருந்து என்று விளம்பரங்களும் வந்துவிட்டன. அவற்றில் எத்தனை நிலைக்கும் என்பது போகப்போகத்தான் தெரியும். கேராட்டிடம் இருந்தவை ஒரு கறுத்த துணியும் பொறுமையான விசாரணையுமே.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, படிப்பு சொந்தத்தைப் பிரிக்கிறதே என்று முகம் சுளித்தார். உறவுத் திருமணமே நோயன்று, மறைந்த குறை இரண்டு சேரும் வாய்ப்புத்தான் கூடுகிறது என்று விளக்கினேன். அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நான் வம்சப் படம் வரைய உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்தமர்ந்தார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவர், நான்கு தலைமுறைப் பெயர்களைத் தடையின்றிச் சொன்னார். மாமன் வீட்டுப் பக்கம் வந்தபோது சற்று நிறுத்தி, அங்கே அடுத்தடுத்து இரு குழந்தைகள் தவறிய செய்தியைச் சொன்னார். காரணம் அன்று யாரும் கேட்கவில்லையாம்.

இரண்டு வட்டங்களை வரைந்து குறுக்கே கோடிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தானே போய் மாமியிடம் விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்கு எழுந்து போனார்.