நச்சுக்கொடிப் புற்றுநோயும் சுப்பாராவின் மருந்தும்

இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வாங்கிவரும் ஃபோலிக் அமில வில்லைக்கும், புற்றுநோய் விடுதிகளில் ஏற்றப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்துக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் யெல்லாப்பிரகத சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தன் சகோதரரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து சத்திரசிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகைமையே அவருக்குக் கிடைத்தது.

1920களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போனார். இரவில் வைத்தியசாலைச் சிற்றூழியர், பகலில் ஹார்வர்ட் மாணவர். உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி. பற்றிய ஆரம்ப ஆய்வுகளில் அவருக்கும் பங்குண்டு. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுகூடத்தில் உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கும் அது மருந்தானது. பின்னர், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் சேர்மங்களையும் அதே குழு தயாரித்தது. அவற்றில் ஒன்றை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர் தற்காலிக முன்னேற்றம் கண்டார். 1948 ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

பெரிய வெற்றி அதற்குப் பிறகுதான் வந்தது. சில கர்ப்பங்களில் கரு வளராமல் நச்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் குலைபோல் பெருகும். தமிழில் இதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்கள். தந்தையின் மரபணு மட்டுமே செயற்படுவதுதான் பெரும்பாலும் காரணம். 1984இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானி குழுவினர், தந்தைவழி மரபணு மட்டும் கொண்ட சுண்டெலிக் கருக்களை உருவாக்கியபோதும் கரு குன்றி, நச்சுக்கொடித் திசுவே வளர்ந்தது. அந்தத் திசு சில வேளை புற்றுநோயாக மாறி நுரையீரலுக்கும் பரவும். வேகமாகப் பிரியும் அந்தக் கலங்களுக்கு ஃபோலிக் அமிலம் நிறையத் தேவை. 1956இல் மின் சியூ லி, ரோய் ஹெர்ட்ஸ் இருவரும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து, பரவிய நிலையிலிருந்த பெண்களையே குணப்படுத்தினார்கள். மருந்தால் மட்டுமே குணமான முதல் திண்மப் புற்றுநோய் இதுதான்.

இன்றும் இது பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய். ஆனால் முத்துப்பிள்ளையை அகற்றிய பிறகு மாதக்கணக்கில் ஹோர்மோன் பரிசோதனை தேவை. கொழுந்து பறிக்கும், பால் வெட்டும் பெண்ணுக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு பேர் நட்டம். சுப்பாராவின் மருந்து வந்து எழுபது ஆண்டுகள் ஆன பின்னும், அந்த நாட்சம்பளத்துக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டிய நிலையில் எந்தப் பெண்ணும் இருக்கக்கூடாது.