கோவை தந்த பந்தயக் கார்ச் சிற்பி

பந்தயக் காரோட்டம் என்றாலே அது மன்னர் மக்களுக்கும் பெருஞ்செல்வர்க்கும் உரிய பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மில் பலர். அக்கருத்து முழுதும் பொய்யன்று. ஆயினும், ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்கத்தக்க எளிய எஞ்சின் ஒன்றைக் கொண்டு, பெருஞ்செல்வம் படையாத இளைஞனும் ஏறி ஓட்டத்தக்க பந்தயக் காரை இந்நாட்டிற்கு அளித்தவர் ஒரு தமிழர் என்பதைக் கழக்கூட்டத்து அன்பர்கள், சிறப்பாக இங்கு டெக்னோபார்க்கில் பணியாற்றும் நம் இளைஞர்கள், அறிந்து மகிழ்தல் வேண்டும். அவரே கோவை சுந்தரம் கரிவரதன்.

1954-ஆம் ஆண்டு பிறந்த இவர், கோவையின் புகழ்பெற்ற லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூற்பாலைகள் பெருகிய ஊரில் வார்ப்படச் சாலைகளும் பம்பு, மோட்டார்ப் பட்டறைகளும் உடன் பெருகின. ஜி. டி. நாயுடு போன்ற பொறியியல் மேதை வாழ்ந்த ஊரும் அதுவே. அத்தகைய ஊரில், செல்வக் குடியில் பிறந்தும், இயந்திரத்தின்பால் இவருள்ளம் சென்றதில் வியப்பில்லை. (கரி என்பது யானை. யானைக்கு அருளிய திருமாலின் பெயரைத் தாங்கிய இவர், வாழ்நாள் முழுதும் எடை குறைந்த சிறு கார்களையே நாடினார் என்பது எமக்கு ஓர் இனிய முரணாகத் தோன்றுகின்றது.)

அந்நாளில் பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்றன. கரிவரதனும் அங்கு ஓட்டிப் பெயர் பெற்றவரே. வெளிநாட்டுக் காரை வரவழைப்பது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனி. உள்நாட்டிற் கிடைத்தவையோ அம்பாஸடர், பியட், ஹெரால்டு என ஒருசிலவே. குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்வதற்கென்று அமைந்த அவற்றைக் குடைந்தும் அரிந்தும், கார்புரேட்டரை மாற்றியும் வேகம் கூட்டினர் நம் வீரர்கள். எவ்வளவு கூட்டினும் அவற்றின் எடை குறைந்தபாடில்லை.

1983-ஆம் ஆண்டு இறுதியில் மாருதி 800 வந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடைய அதன் எஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைத் திறனே உடையது. பந்தயக்காரர் ஏளனம் செய்யத்தக்க அளவு அது. ஆனால் கரிவரதன் வேறு கணக்குப் போட்டார். திறனைக் கூட்ட இயலாதாயின் எடையைக் குறைப்போம். எடை பாதியாயின் அதே நாற்பது குதிரைகள் எண்பதின் வேலையைச் செய்யுமன்றோ! மேலும், பழைய கார்களில் எஞ்சின் முன்னும், இழுக்கும் சக்கரம் பின்னும், இடையே நீண்ட தண்டும் இருக்கும். மாருதியிலோ எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே தொகுதியாய் முன் சக்கரங்களை இயக்குவன. அத்தொகுதியை அப்படியே பெயர்த்து ஓட்டுநரின் முதுகுப்புறம் வைத்தால், தண்டு இன்றியே பின் சக்கரங்கள் இயங்கும்.

இரயில்வேயில் பணிபுரியும் எம்மனோர்க்கு எஞ்சின் மாற்றுதல் என்றால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதே. காரில் அஃது இதயத்தை மாற்றும் அறுவை மருத்துவம். தொகுதியை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டால் முன்கியர்கள் யாவும் வண்டியைப் பின்னோக்கியே செலுத்தும்! கியர்க் கோலும் கிளச்சுக் கம்பியும் பின்னோக்கி நீளவேண்டும். குளிர்நீர்க் குழாய்கள் புதுவழி தேடவேண்டும். இத்தகைய சிக்கல்களை எல்லாம் கடந்து, 1980-களின் பிற்பகுதியில் அவர் கோவையில் உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரே 'பிஸ்மி' எனவும் 'பார்முலா மாருதி' எனவும் வழங்கலாயிற்று.

இதன் பெருமை வேகத்தில் மட்டுமன்று. பிஸ்டனோ வளையமோ தேய்ந்தால் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை. ஊர்தோறும் மாருதி உறுப்புகள் கிடைத்தன. எல்லோர்க்கும் ஒரே எஞ்சின் ஆதலின், பணப்பை வெல்லாது ஓட்டுநரின் கைத்திறன் வென்றது. மேல்நாட்டிலும் இவ்வழியே சென்றவர் உளர். இங்கிலாந்தின் காலின் சாப்மன் 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் காரைத் திருத்தியே தம் தொழிலைத் தொடங்கினார். தீயணைப்புப் பம்புக்கென உருவான கோவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சினின் வழித்தோன்றலே பின்னர் அவருடைய லோட்டஸ் கார்களை வெற்றிக்கு ஈர்த்துச் சென்றது. ஆனால் சாப்மனுக்கு வாய்த்த சூழல் கரிவரதனுக்கு வாய்க்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அங்கே பந்தயத் தொழிலே ஒரு பெருந்தொழில். இங்கே எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வானூர்தி விபத்தொன்று அவருயிரைக் கவர்ந்தது. நாற்பதைச் சற்றே கடந்த வயது.

பார்முலா மாருதியில் பந்தயம் பயின்ற கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டன் அணியில் இடம்பெற்று, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடமும் பெற்றார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயச் சாலைக்குக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்பது பெயர். விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், பந்தயம் நடைபெறும் நாளாயின், அங்குச் சென்று பார்க்கலாம்.